தெருவில் இன்னொன்று இல்லாத கார்

களுதாவளையை ஊடறுத்துப் போகும் மட்டக்களப்பு–கல்முனை வீதியில் எந்தெந்த செடான் கார்கள் ஓடுகின்றன என்று கேட்டால் ஊர்ப் பொடியனே ஒப்புவித்துவிடுவான்: 121 கொறொல்லா, அக்சியோ, பிறீமியோ, அலியன், எப்.பி. 15 சன்னி, சீ.எஸ். லான்சர். இவற்றில் ஒன்றை வைத்திருப்பவர் இந்த அத்தியாயத்தைத் தாண்டிப் போகலாம். அவருக்குக் களுவாஞ்சிக்குடியில் கிடைக்காத சாமான் கல்முனையில் கிடைக்கும். எந்த மெக்கானிக்கும் யோசிக்காமல் கழற்றிப் பூட்டுவார். இங்கே எழுதுவது மிட்சுபிசி கலன்ற், நிசான் செபீரோ, புளூபேர்ட் சில்பி, புரோட்டன் வீரா போன்ற, பெற்றோல் அடிக்கும் இடத்தில் "இது என்ன காரு?" என்று கேட்க வைக்கும் கார்களை வைத்திருப்பவர்களுக்கு. இன்னும் வாங்காமல் யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்கு அதைவிடக் கூடுதலாக.

இத்தகைய காரை நோக்கி ஆளை இழுப்பது பெரும்பாலும் விலைதான். இலங்கையில் ரொயோட்டாவுக்கு வயது ஏறினாலும் விலை லேசில் இறங்குவதில்லை. சின்ன விற்ஸ் ஒன்றுக்குக் கேட்கும் காசுக்கு, சில வேளை அதற்கும் குறைவாக, ஆறு சிலிண்டர் செபீரோ ஒன்று விற்பனைக்கு வரும். அகலமான இருக்கை, சத்தமில்லாத ஓட்டம், இரண்டு மூடை நெல் போட்டாலும் இடம் மிஞ்சும் டிக்கி. "அண்ணன், இலங்கையிலயே பத்துத்தான் இருக்கு" என்பார் புரோக்கர். "அதாலதான் தம்பி, விலையைக் குறைங்க" என்பது சரியான மறுமொழி. அரிதாக இருப்பதற்காக ஒரு சதமும் கூடக் கொடுக்க வேண்டாம். பக்கத்து வளவில் நிற்கும் கொறொல்லாவின் விலைக்கும் இதன் விலைக்கும் உள்ள வித்தியாசத்தில் மூன்றில் ஒரு பங்கையாவது பாட்ஸ் காசாக ஒதுக்கி வையுங்கள். அப்படி ஒதுக்க முடியாதென்றால் கொறொல்லாவுக்கே காசு சேர்ப்பது நல்லது.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. 2020 மார்ச்சில் நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரி 1ஆம் திகதிதான் கதவு திறந்தது. இடைப்பட்ட காலத்தில், இரும்புக்குப் போக இருந்த பல பழைய கார்கள் பெயின்ற் பூசிக்கொண்டு மறுபடி தெருவுக்கு வந்தன. நீங்கள் பார்க்கும் காரும் அப்படி வந்ததாக இருக்கலாம். பெயின்றுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று காந்தத் துண்டு ஒன்றை வைத்துப் பாருங்கள். புட்டி போட்டு மெழுகிய இடத்தில் காந்தம் ஒட்டாது. இறக்குமதி திறந்துவிட்டாலும், பாவித்த வாகனங்களுக்கு வயது வரம்பு இருப்பதால் 1990களின் கலன்றோ 2000களின் சில்பியோ இனிக் கப்பலில் வரப்போவதில்லை. நாட்டில் இருப்பவற்றின் தொகை இறங்குமே தவிர ஏறாது.

எண் உள்ள சாமான், உரு உள்ள சாமான்

அரிய காரின் சாமான்களை இரண்டாகப் பிரித்துப் பழகுங்கள். எண்ணைச் சொல்லி வாங்கக்கூடியவை ஒரு வகை. உருவத்தைக் காட்டித்தான் வாங்க வேண்டியவை மற்ற வகை. முதல் வகைக்குக் காரின் பெயரே தேவையில்லை. ஓல்ரனேற்றர் பெயரிங்கில் 6203 என்று பொறித்திருந்தால் அது 17 மில்லிமீற்றர் உள்விட்டம், 40 வெளிவிட்டம், 12 தடிப்பு. கிணற்றுத் தண்ணீர்ப் பம்பு சிலவற்றிலும் அதே பெயரிங்தான் சுற்றும், கடைக்காரர் கலன்றைக் கண்டிருக்க வேண்டிய அவசியமில்லை. பெல்ற்றில் 4பீ.கே. 890 என்று இருந்தால் நான்கு வரி, 890 மில்லிமீற்றர் நீளம். ஒயில் சீலில் மூன்று அளவுகள் இருக்கும். பல்ப் எச்4 என்றால் உலகம் முழுவதும் எச்4. பிளக், பிறேக் குழாய், பற்றரி, ரயர் எல்லாம் இந்த வகை. பழையதைக் கழற்றும்போது எண்ணை ஒரு கொப்பியில் எழுதிவிடுங்கள். எண் தேய்ந்துபோன பிறகு கழற்றினால் அளவுகோலோடு மல்லுக்கட்ட வேண்டிவரும்.

எஞ்சின், கியர்ப்பெட்டி, சொக், பிறேக் ஆகியவையும் பாதிக்கு மேல் இந்தப் பக்கம்தான் சேரும், அந்தக் காரின் உறவுக்காரரை அறிந்திருந்தால். 2000ஆம் ஆண்டு வந்த ஜீ-10 புளூபேர்ட் சில்பி தெருவில் அரிது. ஆனால் ஒன்றரை லீற்றர் சில்பியின் கியூ.ஜீ. 15 எஞ்சின்தான் எப்.பி. 15 சன்னியிலும் இருக்கிறது. சன்னிக்கு வேலை செய்யும் மெக்கானிக்கிடம் பொனற்றைத் திறந்து காட்டினால் அவருக்குத் தெரிந்த முகம்தான் உள்ளே இருக்கும். அதே எஞ்சினின் பழக்கங்களும் உண்டு: கேம் சென்சர் பழுதாகி ஓடிக்கொண்டிருக்கையில் நிற்பது, ரைமிங் செயின் தளர்வது, ஒயில் குடிப்பது. மலேசியாவில் 1993இல் வந்த புரோட்டன் வீரா, அதற்குச் சற்று முந்திய மிட்சுபிசி லான்சரின் உடம்பில் எழுந்தது; 4ஜீ13, 4ஜீ15 எஞ்சின்கள் லான்சர்காரருக்குப் பழக்கமானவை. உடம்புச் சாமானுக்குக் கிள்ளானில் சொந்தக்காரர் இருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. அங்கே வீரா ஒரு காலத்தில் சந்திக்குச் சந்தி நின்ற கார். ஹொண்டா பிற் அரியா என்று ஜப்பானில் விற்றது தாய்லாந்தில் செய்த கார். அதுவே சிற்றி என்ற பெயரில் இந்தியாவிலும் ஓடியது. சென்னைக்குப் போகிறவர் புதுப்பேட்டையில் அதன் விளக்கும் கண்ணாடியும் தேடலாம். இந்தியாவிலும் வலப்பக்க ஸ்ரேறிங் என்பதால் ஹெட்லைற் ஒளி விழும் பக்கம் மாறாது. இடப்பக்க ஸ்ரேறிங் உள்ள ஐரோப்பிய நாட்டிலிருந்து மச்சான் அனுப்பும் லைற்றில் அந்த வசதி இல்லை.

உறவுக்காரர் இல்லாத எஞ்சின்கள்தான் சிக்கல். 1996இல் வந்த கலன்றில் இருந்த 1.8 லீற்றர் 4ஜீ93 எஞ்சின், பெற்றோலை நேரே சிலிண்டருக்குள் பீச்சும் ஜீ.டி.ஐ. முறையைப் பெருந்தொகையில் சந்தைக்குக் கொண்டுவந்த முதல் எஞ்சின். அந்தக் காலத்தில் புதுமை. இன்று களுதாவளையில் அது ஒரு பொறுப்பு. பெற்றோல் வால்வைக் கழுவாமல் போவதால் வால்வின் பின்புறம் கரி படிகிறது, உயர் அழுத்தப் பம்ப் தேய்கிறது. பம்ப் போனால் கொழும்பு பஞ்சிகாவத்தையில் பழசு ஒன்று தேட வேண்டும், வரும் பழசும் தேய்ந்ததாகவே இருக்கக்கூடும். ஜீ.டி.ஐ. கலன்ற் எவ்வளவு மலிவாக வந்தாலும் வேண்டாம் என்பதுதான் என் கருத்து. செபீரோவின் ஆறு சிலிண்டர் எஞ்சின் அப்படிச் சிக்கலானது அல்ல, உறுதியானது. ஆனால் ஆறு பிளக், ஆறு கொயில், அதற்கேற்ற குடி. 2022இல் எரிபொருள் தட்டுப்பாட்டின்போது கியூ.ஆர். முறையில் காருக்கு வாரம் 20 லீற்றர்தான் தந்தார்கள். மட்டக்களப்பில் வேலை பார்ப்பவருக்கு அந்த 20 லீற்றர் சன்னியில் போதும். செபீரோவில் வியாழக்கிழமையே பஸ்ஸுக்கு நிற்க வேண்டியதுதான்.

பழைய கார் என்றால் அரிது, புதிய கார் என்றால் லேசு என்று நினைப்பதும் பிழை. யாழ்ப்பாணத்தில் 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் ஒஸ்ரின் ஏ-40களும் மொறிஸ் ஒக்ஸ்போட்டுகளும் சில சொட்டுப் பெற்றோலில் ஸ்ரார்ட் ஆகி மண்ணெண்ணெயில் ஓடின. காபரேற்றர் எஞ்சின் அதையும் தாங்கியது. தேய்ந்ததை லேத் பட்டறையில் கடைந்து போட்டார்கள். மொறிஸ் மைனருக்கு இன்னும் வாய்ப்பு: இங்கிலாந்தின் பாத் நகரில் மைனர்களைப் புதுப்பித்துவந்த சார்ள்ஸ் வெயர் அதன் சாமான்களை இலங்கையிலேயே செய்விக்க ஏற்பாடு செய்தார், இங்கிருந்து அங்கு ஏற்றுமதியும் ஆயின. ஆகவே எழுபது வயது மைனர் வைத்திருப்பவர் இருபத்தைந்து வயது கலன்ற்காரரைவிட நிம்மதியாகத் தூங்கலாம். மாறாக, உபாலி விஜேவர்தன உள்நாட்டிலேயே பூட்டி விற்ற பியற் கார்களைப் பாருங்கள். 1983 பெப்ரவரி 13ஆம் திகதி அவருடைய விமானம் மலாக்கா நீரிணைக்கு மேலே காணாமல்போனது. தொழில் தொடரவில்லை, அந்தக் கார்களும் அநாதைகளாயின. ஒரு மொடலை அரிதாக்குவது வயதல்ல, அதற்குப் பின்னால் சாமான் செய்ய ஆள் இருக்கிறதா என்பதுதான்.

இனி உரு உள்ளவை. முன் கண்ணாடி, பின் கண்ணாடி, கதவுக் கண்ணாடிகள், ஹெட்லைற், பின்லைற், பொனற், மட்காட், பம்பர், கதவைச் சுற்றிய றப்பர் பட்டி, டாஷ்போட், கதவுக் கைப்பிடி. இவற்றுக்கு எண்ணும் இல்லை, உறவுக்காரரும் உதவமாட்டார். சில்பியின் பின்லைற் சன்னிக்குப் பொருந்தாது. வாங்கும்போது எஞ்சினைக் கேட்டுத் திருப்திப்படுவதைவிட இவற்றைத் தொட்டுத் தடவிப் பார்ப்பது முக்கியம். எஞ்சின் புகைக்கிற, உடம்பு சுத்தமான சில்பியை வாங்கலாம். எஞ்சின் பூனைபோல ஓடுகிற, பின்லைற் உடைந்து சிவப்பு ரேப் ஒட்டிய சில்பியை வாங்க வேண்டாம்.

வாடையும் வாவியும்

களுதாவளையில் உரு உள்ள சாமான்களுக்குப் பெரிய எதிரி விபத்து அல்ல, உப்பு. எழுவான் பக்கம் கடல், படுவான் பக்கம் வாவி, நடுவில் ஒடுங்கிய மணல் நிலம். வாடைக் காலத்தில் வடகீழ்க் காற்று அலைத் தெறிப்பை நேரே ஊருக்குள் கொண்டுவரும்; கச்சான் காலத்தில் மணலும் தூசும். கண்டியிலோ பதுளையிலோ இருபது வருடம் தாங்கும் மட்காட் இங்கே அதில் பாதிக்காலம் தாங்கினால் நல்ல காலம்.

துரு முதலில் பிடிக்கும் இடங்கள் கண்ணுக்குத் தெரியாதவை: சில்லு வளைவின் உள்மடிப்பு, கதவுக்குக் கீழே ஓடும் படி, ஸ்பேர் ரயர் கிடக்கும் டிக்கித் தளம், முன் கண்ணாடியின் கீழ் விளிம்பு, முன் சொக் ஏறும் மேடை. கதவுகளின் அடியில் தண்ணீர் வடியச் சிறு துளைகள் உண்டு. மணல் அடைத்தால் கதவு உள்ளிருந்து உக்கும். ஈர்க்கு ஒன்றால் அவற்றைக் குத்தி விடுவது மாதம் ஒரு முறை ஐந்து நிமிட வேலை. முன் கண்ணாடி விளிம்பில் கொப்புளம் கண்டால் உடனே ரிங்கரிங் ஆளிடம் போங்கள். அந்த விளிம்பு உக்கினால் கண்ணாடியைக் கழற்றித்தான் திருத்த வேண்டும். கழற்றுகையில் கண்ணாடி வெடித்தால் கதை முடிந்தது. கண்ணாடியை முதலில் கழற்றி வீட்டுக்குள் வைத்த பிறகே வெல்டிங் என்று ஆரம்பத்திலேயே பேசிக்கொள்ளுங்கள்.

அடிப்பாகத்துக்கு எரிந்த எஞ்சின் ஒயிலை டீசலில் கலந்து அடிக்கும் பழக்கம் இங்கே உண்டு. இரும்புக்கு ஓரளவு நல்லதுதான், றப்பர் புஸ்களுக்கு நஞ்சு. சாதாரணக் காருக்குப் புஸ் போனால் வாங்கலாம்; உங்கள் காருக்கு அதையும் தேட வேண்டும். மெழுகு வகை அண்டர்கோட் செலவு கூடியது, ஆனால் இதற்கு அதுதான் சரி. வாடைக் காலத்தில் கிழமைக்கு ஒரு முறை கிணற்றுத் தண்ணீரால் அடிப்பாகத்தைக் கழுவுங்கள். வெற்றிலைக் கொடிக்கும் மரக்கறிக்கும் உதவும் அதே நல்ல தண்ணீர் காருக்கும் உதவும்.

நிறுத்தும் இடத்தைப் பற்றி ஊரில் யாரும் பெரிதாக யோசிப்பதில்லை. வெறும் மணலில் நிறுத்தினால் இரவு முழுக்க ஈரம் மேலே வரும். சில்லு நிற்கும் இரண்டு தடத்துக்காவது கொங்கிறீற்றுப் போடுங்கள். பிளாஸ்ரிக் உறை போட்டு மூடுவது உப்பையும் ஈரத்தையும் உள்ளே அடைத்து வைக்கும்; நாலு பக்கமும் காற்றோடும் கிடுகுக் கொட்டில் அதைவிட மேல். தென்னைக்குக் கீழே நிறுத்தவே கூடாது. தேங்காய் விழுந்து நெளிந்த கொறொல்லாவின் பொனற்றுக்கு மாற்று உண்டு. கலன்றின் பொனற்றுக்கு ரிங்கரிங் ஆளின் சுத்தியல்தான் உண்டு.

வெள்ளத்தில் இன்னும் கவனம் வேண்டும். 2011 ஜனவரியில் போல வாவி நிரம்பி ஏறும்போது வரும் தண்ணீர் மழைத் தண்ணீர் மட்டும் அல்ல, உப்புக் கலந்தது. தரை விரிப்புவரை தண்ணீர் ஏறியிருந்தால் சாவியைத் திருப்பவே வேண்டாம். பற்றரியைக் கழற்றிவிட்டு, இருக்கை, விரிப்பு எல்லாவற்றையும் வெளியே எடுத்து நல்ல தண்ணீரால் கழுவிக் காயவிட்ட பிறகே மற்ற வேலை. எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்பியூற்றர்ப் பெட்டி சில கார்களில் முன் ஆசனக்காரரின் காலடிக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. உங்கள் காரில் அது எங்கே என்று மழைக்கு முன்னரே தெரிந்துவைத்திருங்கள். வெள்ள எச்சரிக்கை வந்தால் கழற்றி அலுமாரிக்கு மேல் வைக்க வேண்டிய முதல் சாமான் அதுதான். பட்டிருப்புப் பாலம் தாண்டிப் படுவான்கரை வயலுக்குப் போக இந்தக் காரை எடுக்காதீர்கள். அதற்கு மோட்டார் சைக்கிள் இருக்கிறது.

ஒயில், மெக்கானிக், ஸ்கானர்

அரிய கார் சாமான் கிடைக்காமல் சாவதைவிடப் பிழையான ஒயில் ஊற்றிச் சாவது அதிகம். ஓட்டோ கியர் எல்லாம் ஒன்றுதான் என்று எண்ணும் கராஜ்கள் இன்னும் உண்டு. மிட்சுபிசியின் பழைய ஓட்டோ கியர்கள் எஸ்.பீ. வகை ஒயில் கேட்கும்; ரொயோட்டாவுக்கு டீ-ஃபோர் அல்லது டபிள்யூ.எஸ்.; பிற் அரியாவின் சீ.வீ.டீ. கியருக்கு ஹொண்டாவின் எச்.எம்.எம்.எப். சரியான ஒயிலை நீங்களே வாங்கிக் கையில் கொண்டுபோய்க் கொடுங்கள், ஊற்றும்போது பக்கத்தில் நில்லுங்கள். மெக்கானிக் கோபிக்கமாட்டார், கோபித்தால் வேறு மெக்கானிக்.

நல்ல மெக்கானிக்கின் அடையாளம், இந்தக் காரை முன்பு திருத்தியிருப்பது அல்ல; அப்படி ஒருவர் மாவட்டத்திலேயே இல்லாமல் இருக்கலாம். "எனக்குத் தெரியாது, பார்த்துச் சொல்றன்" என்கிறாரா என்று பாருங்கள். ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்போம் என்பவரிடம் சன்னியை விடலாம், கலன்றை விடக்கூடாது. மலிவான ஸ்கானர் பல பழைய ஜப்பான் கார்களோடு பேசாது என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். அதற்காகக் கம்பியூற்றர் செத்துவிட்டது என்று முடிவுகட்ட வேண்டாம். 1990களின் ரொயோட்டாவில் டீ.ஈ.1, ஈ.1 என்ற இரண்டு முனைகளைக் கம்பித்துண்டால் இணைத்துச் சாவியைத் திருப்பினால் எஞ்சின் விளக்கு மின்னி மின்னிப் பிழை எண்ணைச் சொல்லும். மற்ற நிறுவனங்களின் பழைய கார்களிலும் இதுபோன்ற வழிகள் உண்டு. உங்கள் மொடலுக்கு உரியதைக் கண்டுபிடித்துக் கொப்பியில் எழுதுங்கள்.

அதே கொப்பியின் முதல் பக்கத்தில் பொனற்றுக்குள் இருக்கும் தகட்டின் படம், சசி இலக்கம், மொடல் குறியீடு, நிறக் குறியீடு இருக்க வேண்டும். ரொயோட்டா, நிசான் சாமான் எண்கள் ஐந்தும் ஐந்துமாக எழுதப்படும். முதல் ஐந்து அது என்ன சாமான் என்று சொல்லும். நிசானில் 15208 என்று தொடங்கினால் ஒயில் பில்ற்றர். தொலைபேசியில் பஞ்சிகாவத்தைக்காரரிடம் "சில்பிக்கு ஒரு இது வேணும்" என்று விளக்கிக்கொண்டிருப்பதைவிட எண்ணைச் சொல்லிவிட்டு மறுமொழிக்குக் காத்திருப்பது லேசு. கொழும்பிலிருந்து பஸ்ஸில் போட்டு அனுப்பும் சாமான் பிழையாக வந்தால் திருப்பி அனுப்பும் செலவும் உங்களுடையது.

செத்த கார் ஒன்று

அதே மொடலில் ஓடாத கார் ஒன்று எங்காவது மலிவாக வந்தால் வாங்குங்கள். ஆனால் வளவில் நிறுத்தி வைக்க அல்ல. உப்புக் காற்றில் அது ஓடும் காரைவிட வேகமாக உக்கும். இரண்டு வருடத்தில் கழற்றப் போனால் நட்டுகள் கையோடு வரும். வந்த கிழமையே கழற்றுங்கள். கண்ணாடிகளைப் படுக்க வைக்காமல் நிறுத்தி, இடையில் துணி வைத்து வீட்டுக்குள். விளக்குகள், கம்பியூற்றர்ப் பெட்டி, சுவிச்சுகள், கதவுக் கைப்பிடிகள் அலுமாரியில். கதவும் பொனற்றும் நல்லதாக இருந்தால் மட்டும் கிரீஸ் பூசி வையுங்கள். எஞ்சினை வைத்துக்கொள்ள வேண்டுமா என்பது மேலே சொன்ன உறவுக்காரர் கணக்கைப் பொறுத்தது. சில்பி எஞ்சினை வைத்திருப்பது இடத்துக்குப் பிடித்த கேடு. மிச்சக் கூட்டை இரும்புக்குக் கொடுங்கள், கொடுக்க முன் அதன் பதிவை நீக்க மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் செய்ய வேண்டியதைச் செய்துவிடுங்கள்.

தாள்கள்

புகைப் பரிசோதனை, காப்புறுதி, களுவாஞ்சிக்குடிப் பிரதேச செயலகத்தில் வருடாந்த வருமான அனுமதிப்பத்திரம் எல்லாம் மற்றக் கார்களுக்குப் போலத்தான். இரண்டு இடங்களில் மட்டும் அவதானம். இத்தகைய கார்கள் பல கை மாறியவை, ஓப்பன் பேப்பரில் சுற்றுபவை; பதிவுப் புத்தகத்தில் உள்ள பெயர்க்காரர் யார், கையொப்பம் அவருடையதா என்று உறுதிசெய்யாமல் முற்பணம் கொடுக்காதீர்கள். எஞ்சின் இலக்கத்தையும் நேரில் ஒப்பிடுங்கள். அரிய காரில் யாரோ முன்பு எஞ்சின் மாற்றிவிட்டுத் திணைக்களத்தில் பதியாமல் விட்டிருக்கும் சாத்தியம் அதிகம்.

காப்புறுதியில் மூன்றாம் தரப்பு மட்டும் எடுத்தால் உடைந்த விளக்கு உங்கள் தலையில். முழுக் காப்புறுதி எடுத்தாலும், சாமான் கிடைக்காத கார் என்றால் சின்ன விபத்தே முழு நட்டமாகக் கணக்கிடப்படலாம். அப்போது பத்திரத்தில் எழுதிய பெறுமதிக்கு மேல் கைக்கு வராது. அந்தத் தொகையை அசட்டையாக எழுத விடாதீர்கள். காரின் நாலு பக்கமும், உள்ளேயும், நீங்கள் சேர்த்து வைத்த சாமான்களையும் படம் எடுத்து வைத்திருங்கள்.

விற்கும்போது

ஊருக்குள் விற்க முயல்வது வீண் வேலை. பார்க்க வருபவர் எல்லாரும் கொறொல்லா விலையோடு ஒப்பிட்டுவிட்டுத் தேத்தண்ணீர் குடித்துப் போவார்கள். வாங்குகிறவர் ஏற்கனவே அதே மொடல் வைத்திருக்கும் ஒருவராகவோ, முன்பு வைத்திருந்து விற்றுவிட்டு மனம் கேளாதவராகவோ இருப்பார். கொழும்பிலோ குருநாகலிலோ இருப்பார். அவர் எஞ்சினைப் பற்றி அதிகம் கேட்கமாட்டார். கண்ணாடி கீறலா, பின்லைற் வெடிப்பா, படியில் துருவா என்பார். ஆகவே விளம்பரத்தில் "அரிய வாகனம்" என்று எழுதாமல், கண்ணாடிகளும் விளக்குகளும் மாற்றுச் சாமான் பெட்டியோடு இருப்பதை முதல் வரியில் போடுங்கள். பெட்டிக்கும் கொப்பிக்கும் தனி விலை பேசாதீர்கள். காரின் விலைக்குள் சேர்த்துக் கேளுங்கள். பெட்டியைப் பிரித்து விற்றுவிட்டால் அவர் கார் பார்க்க அவ்வளவு தூரம் வரவே மாட்டார்.